பதினேழாவது ரிப்பேர்

போன் அலறியது.

காலை எட்டே முக்கால். ஒற்றை அறையில், ஒற்றைத் தட்டில், நேற்றைய ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த ஆல் இன் ஆல் அவசரமாகக் கையைத் துடைத்தான்.

அவனைப் பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்தார்கள். குழாய், கதவு, ஜன்னல், கரண்ட் என்று எல்லா வேலையையும் தனியாளாகப் பார்ப்பதால் ஊர் வைத்த பெயர் இது. கம்பெனி கிடையாது. போர்டு கிடையாது. 'நல்ல ஆளு, நம்பி உள்ளே விடலாம்' என்று ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொன்னால் உண்டு. அந்தப் பேச்சு போனால் பிழைப்பும் போச்சு.

போனில் டெலிபோன் அம்மா.

"தம்பி... பாத்ரூம்ல வெந்நீர்க் குழாயோட கைப்பிடி கழண்டு வந்துடுச்சு. வர முடியுமா?"

"அரை மணியில வரேன்மா."

டெலிபோன் அம்மாவுக்கு அறுபத்து நாலு வயது. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து யார் யாரையோ யார் யாருடனோ பேச வைத்தவள். கல்யாணம் கூடி வரவில்லை. ரிடயர் ஆன பிறகு அவள் வீட்டு போன் அடித்தால் பெரும்பாலும் ராங் நம்பர். அதைக்கூட அவள் உடனே வைத்துவிட மாட்டாள்.

ஐந்து மாதத்தில் இது பதினேழாவது ரிப்பேர். கதவுக் கீல், ஜன்னல் கொண்டி, மேஜை இழுப்பறை, சமையலறைக் குழாய்... அந்த வீட்டுக்கு என்ன சாபமோ!

அவன் போனபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். நாலு நாளாகத் தம்பி மகன் வந்து தங்கியிருக்கிறானாம். ஆறு வருஷம் எட்டிப் பார்க்காதவன். காலையில் எட்டு மணிக்கு யாரையோ பார்க்கக் கிளம்பிவிட்டானாம். போகும்போது, 'அத்தை, வெந்நீர்ல நிம்மதியா குளிங்க' என்று கரிசனமாகச் சொல்லிவிட்டுப் போனானாம்.

"வீட்ல ஆள் இருக்கிறது தெம்பா இருக்குமே?" என்றான் ஆல் இன் ஆல்.

அவள் சிரிக்க முயன்றாள். பையன் நாள் முழுக்க செல்போனோடுதான் பேசுகிறான், இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை என்றாள்.

பாத்ரூமில் வேலை பத்தே நிமிஷம். கைப்பிடியைப் பொருத்தினான். வெந்நீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே இருந்த ஹீட்டர் ஸ்விட்ச்சைப் போடச் சொன்னான்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டிலும், எந்த இரும்பையும், டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் தொடமாட்டான். தொழில் சொல்லிக்கொடுத்தவர் கண்ணெதிரே கருகிய நாளில் வந்த பழக்கம் அது.

டெஸ்டரைக் குழாயில் வைத்தான்.

பளிச்!

சிவப்பாக எரிந்தது.

"அம்மா... ஸ்விட்ச்சை அணைங்க. எதையும் தொடாதீங்க."

மெயினையும் அணைத்துவிட்டு ஹீட்டர் மூடியைத் திறந்தான். எர்த் வயரைக் காணோம். கரண்ட் வரும் வயரின் தோல் சீவப்பட்டு, தொட்டியின் இரும்போடு சேர்த்து முறுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து இரும்புக் குழாய் வழியாக நேரே குழாய்க் கைப்பிடிக்கு மரணம் இறங்கி வந்திருந்தது. ஈரக் கையோடு தொட்டிருந்தால் அலறக்கூட நேரம் இருந்திருக்காது.

ஆல் இன் ஆல் போலீஸுக்கு போன் செய்தான்.

அது அவனுக்கே வினையாக முடிந்தது.

வந்த இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். ஹீட்டரைப் பார்த்தார். பிறகு ஆல் இன் ஆலின் செல்போனை வாங்கிப் பார்த்தார். ஒரே நம்பரிலிருந்து பதினேழு அழைப்புகள்.

"ஏன்யா... நீ வந்து போற வீட்ல மட்டும் எப்படி வாரத்துக்கு ஒண்ணு உடையுது? நீயே உடைச்சு, நீயே ஒட்டுற... கடைசியில கரண்ட்லயும் கை வெச்சியா?"

அவன் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. டெலிபோன் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"கள்ள மௌனம். ஜீப்ல ஏறு."

"சார்..."

டெலிபோன் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. மானம் போகிற விஷயம். ஆனால் சொல்லாவிட்டால் ஒரு நல்ல மனுஷனின் பிழைப்பு போய்விடும்.

"அதெல்லாம் நான் உடைச்சது."

"என்னம்மா சொல்றீங்க?"

"வேணும்னேதான் உடைச்சேன். ஏதாவது உடைஞ்சாத்தானே யாராவது வருவாங்க? இந்தத் தம்பி வந்தா ஒரு மணி நேரம் இருப்பாரு. வேலை செஞ்சுக்கிட்டே நான் பேசறதைக் கேட்பாரு. 'அப்புறம்மா?'ன்னு கேட்பாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உடைச்சேன். இன்னிக்கும் என் தம்பி மகன் கிளம்பினதும் நான்தான் அந்தக் கைப்பிடியைக் கழட்டினேன்."



கைப்பிடி சரியாக இருந்திருந்தால் ஒன்பது மணிக்கு ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருப்பாள். பேச்சுத்துணைக்காகச் செய்த திருட்டுத்தனம் அவள் உயிரைக் காப்பாற்றியிருந்தது.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. "அப்ப இந்த ஹீட்டர் வேலையும் உங்களோடதா?"

"இல்ல சார்," என்றான் ஆல் இன் ஆல். இப்போதுதான் வாய் திறந்தான். "அம்மா கைவேலை எனக்குத் தெரியும். ஸ்பூன் காம்பாலதான் திருகுவாங்க. திருகாணித் தலை எலி கொறிச்ச மாதிரி இருக்கும். இதைப் பாருங்க... ஒரு கீறல் இல்ல. சரியான ஸ்க்ரூடிரைவர் பட்டிருக்கு. அதோட, பதினேழு தடவையில ஒரு தடவைகூட அம்மா கரண்ட் சாமான்ல கை வெச்சது கிடையாது."

"ஏம்மா?"

"ரிப்பேர் பண்ண வர்றவருக்கு ஷாக் அடிச்சிட்டா?" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் பதில் சொல்லுமுன் கேட் கிறீச்சிட்டது.

தம்பி மகன் திரும்பி வந்திருந்தான். வாசலில் போலீஸ் ஜீப்பைப் பார்த்தான். அவ்வளவுதான்... தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அய்யோ அத்தை! குளிக்கப் போன உங்களைக் கரண்ட் வாரிக்கிட்டுப் போயிடுச்சே! இனி எனக்குன்னு யார் இருக்காங்க?"

படியேறினான். வாசல் நிலையைத் தாண்டினான்.

எதிரே அத்தை உட்கார்ந்திருந்தாள்.

ஒப்பாரி பாதியில் நின்றது.

"உட்காருங்க தம்பி," என்றார் இன்ஸ்பெக்டர் அன்பாக. "ஜீப் எதுக்கு வந்திருக்குன்னு உங்களுக்கு யாருமே சொல்லலையே. குளியல், கரண்ட் எல்லாம் எப்படித் தெரிஞ்சுது?"

அவன் கையிலிருந்த பையை மெல்லப் பின்னால் தள்ளினான். இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த கான்ஸ்டபிள் அதை வாங்கிக் கவிழ்த்தார். புது ஸ்க்ரூடிரைவரும், சுருட்டி வைத்த எர்த் வயரும் விழுந்தன. அத்தைக்கு வாரிசு அவன் ஒருத்தன்தான். வீட்டை விற்க ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தான். காலையில் போய்ப் பார்த்தது அந்த ஆளைத்தான்.

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் ஜன்னல் வழியாகவே பார்த்தாள்.

"நாலு நாள்ல ஒரு தடவையாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டிருந்தா, கேட்டப்பவே வீட்டை எழுதிக் கொடுத்திருப்பேன்," என்றாள். அழுதாள். ஆல் இன் ஆல் பக்கத்தில் நின்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"நான்தான் உடைக்கிறேன்னு எப்ப தெரியும்?"

"மூணாவது தடவையே."

"அப்புறம் ஏன் ஓடி ஓடி வந்தீங்க?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். திருட்டுப் பூனை மாதிரி முழித்தான்.

"அம்மா... ஜன்னல் கொண்டி ரெண்டு தடவை விழுந்துச்சே, இழுப்பறை ஒரு தடவை..."

"ஆமா, அது மட்டும் எப்படின்னு எனக்கே புரியல. அதை நான் தொடவே இல்லையே."

"நான்தான். கிளம்பும்போது கடைசித் திருகாணியை முறுக்காம விட்டுட்டுப் போவேன். ரெண்டு வாரத்துல தானா விழும். நீங்க கூப்பிடுவீங்க... என் வீட்லயும் 'அப்புறம்?'னு கேட்க ஆள் இல்லம்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் ஒரு செருமல். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க மறந்து திரும்பி வந்த இன்ஸ்பெக்டர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"ரெண்டு பேருக்கும் கடைசி எச்சரிக்கை. இனிமே பேசணும்னா நேரா டீக்குக் கூப்பிட்டுக்குங்க... பாவம், வீடாவது பொழச்சுப் போகட்டும்!"