முப்பது ஆம்பியர்

வண்டியை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும் முன்பக்கத்து ஃபேன் ஒரு நிமிடம் ஓடும். இரைந்து ஓடி, மெலிந்து, கடைசியில் ஒரு பெருமூச்சோடு அடங்கும். அதற்குள் சூடாமணி பின்கதவைத் திறந்து, கல்யாணராமனைத் தோளில் தாங்கி, வாசற்படி ஏற்றியிருப்பாள். வாரத்தில் மூன்று நாள், டயாலிசிஸ் முடிந்து வலியசாலை வீட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு சாயங்காலமும் அப்படித்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபேன் மெலியவில்லை. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அப்படியே நின்றது.

"என்னடி மசமசன்னு நின்னுண்டிருக்கே? கால் நடுங்கறது."

"ஒண்ணுமில்லை. வாங்கோ."

கணவரைப் படுக்கவைத்துவிட்டு வந்து பானெட்டைத் திறந்தாள். சுட்ட ரப்பரும் ஈரத்தூசியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. நகத்தளவு பச்சை நிற முப்பது ஆம்பியர் ஃபியூஸ் நடுவில் கருகி அறுந்திருந்தது. பத்து நாளில் இது மூன்றாவது. ரேடியேட்டரை ஒட்டி, ஃபேனின் கறுப்பு இறக்கைகளில் மாசக்கணக்கான தூசி அப்பியிருந்தது. ஒரே ஓர் இறக்கையில் மட்டும் அது நான்கு கோடுகளாகத் துடைபட்டிருந்தது. தன் விரல்களை அவற்றின்மேல் பொருத்திப் பார்க்க அவள் கை நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டாள். பொருத்தாமலே தெரிந்தது, அவை அவள் விரல்களைவிட மெலிந்தவை.

மறுநாள் கிள்ளிப்பாலத்தில் மெக்கானிக் ஷாஜி ஒரு மணி நேரம் பார்த்தான்.

"மோட்டார் ஓகே, மாமி. வயரிங் ஓகே. ரிலேயும் ஓகே. பின்னெ எதுக்கு ஃபியூஸ் போவுதுன்னா, ஃபேன் சுத்த முடியாம நிக்கறப்போதான் இத்தற கரண்ட் எடுக்கும். ஆராவது கையால பிடிச்சு நிறுத்தின மாதிரி."

"யாரு பிடிப்பா, ஷாஜி?"

"மாமி ஓட்டற ஓட்டத்தைப் பாத்து பழவங்காடி கணபதியே பேடிச்சுப் பிடிச்சிருப்பாரு." அவனே சிரித்துக்கொண்டான்.

அவள் கோடுகளைக் காட்டினாள். "எலியாயிருக்கும்" என்று எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தான். தூசி போயிற்று. இனி அதற்குச் சாட்சி அவள் மட்டும்தான்.

பிறகு அவன் ஃபியூஸ் இருக்கும் பொந்தில் இரண்டு வயர்களைச் செருகி, அவற்றை உள்ளே இழுத்துவந்து, ஒரு ஹெட்லைட் பல்பை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். "ஃபியூஸுக்குப் பதிலா இது. ஃபேன் கொஞ்சம் மெதுவாத்தான் சுத்தும். சுத்தினா பல்பு மங்கலா எரியும். நின்னா நல்ல வெளிச்சமாவும். எந்த இடத்துல வெளிச்சமாவுதுன்னு பாத்து வெக்கணும், கேட்டோ. மத்தது நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்தாள். ஷாஜியின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்குத் தனியாக வந்தபோது பல்பு ஒரே மங்கலாக எரிந்தது. வியாழக்கிழமை கல்யாணராமனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவர் பின்சீட்டில் சாய்ந்து கதவை அடைத்த மாத்திரத்தில் வெளிச்சம் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. ரோட்டுக் குழியில் இல்லை, வளைவில் இல்லை, மழைத்தண்ணீர் தெறித்தபோதும் இல்லை. ஏறும்போதெல்லாம் முன்னால் ஃபேன் சத்தம் அறுந்தது. பிடித்து, விட்டு, பிடித்து.

"அந்த விளக்கையே என்னத்துக்குப் பாக்கறே? ரோட்டைப் பாரு. என்னைக் கொண்டுபோய்ச் சேத்துடாதே."

"பேசாம படுத்துக்கோங்கோ."

அவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியதும் பல்பு மங்கியது.

திரும்பும்போது பாளையத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன. பல்பு வெள்ளையாக எரிந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டதும் அவள் ஓரங்கட்டினாள். இருபது நிமிடம். கண்ணாடிக்கு வெளியே மழை, உள்ளே புழுக்கம். கல்யாணராமனின் நெற்றி குளிர்ந்து வேர்த்தது. கண்கள் மேலே செருகின. "டயாலிசிஸ் கழிஞ்சா பிரஷர் தாழும், வழியில எங்கயும் நிக்காம போய்ப் படுக்க வைக்கணும்" என்று நர்ஸ் ஆதிரா ஒவ்வொரு முறையும் சொல்வாள். அவர் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, நாடியைத் தேடித் தேடி, அது கிடைத்தபோது சூடாமணி அழுதாள். ஆட்டோவில் அவரால் படுக்க முடியாது. மழையில் கூப்பிட்ட டாக்ஸி எதுவும் வரவில்லை. இன்னொரு முறை இப்படி வழியில் நின்றால் அவர் வீடு வந்து சேரமாட்டார்.

"ஃபியூஸை எடுத்துட்டுக் கம்பியை வெச்சா என்ன?" என்று ஷாஜியிடம் போனில் கேட்டாள்.

"ஐயோ, வேண்டா மாமி. ஃபியூஸ் போறது நம்மளைக் காக்கத்தானே. திங்களாழ்ச்ச கொண்டு வாங்கோ, மோட்டாரையே மாத்திடலாம்."

சனிக்கிழமை டயாலிசிஸ் இருந்தது. வீட்டில் பழைய பீங்கான் ஃபியூஸ் போகும்போதெல்லாம் ஓர் இழை போதுமான இடத்தில் மூன்று இழை முறுக்கிவைப்பது அவள் வழக்கம். இருபது வருஷமாக ஒன்றும் ஆனதில்லை. ஒரு துண்டு செம்புக்கம்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்து மணி. ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் கல்யாணராமன் பின்சீட்டில் போர்வைக்குள் படுத்திருந்தார். எஞ்சின் ஓட, பல்பு கண்கூசும் வெள்ளையில் எரிந்தது. மங்கவே இல்லை. பிடித்தது இன்று விடுவதாக இல்லை. அவள் பானெட்டைத் தூக்கி, வயர்களைப் பிடுங்கி, கம்பியை மடித்துப் பொந்தில் அழுத்தினாள்.

ஃபேன் முனகியது. அரை விரற்கடை நகர்ந்து நின்றது. மறுபடி நகர்ந்தது. கருகல் வாடை வந்தது. ரப்பர் இல்லை. அடுப்பில் விழுந்த மயிரின் வாடை. பிறகு ஏதோ விட்டது. அவள் கேட்டாள், விட்ட சத்தத்தை. ஃபேன் சீறிக்கொண்டு சுழன்றது. டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

பட்டம் ஜங்ஷன் தாண்டினாள். பாளையத்து நெரிசலிலும் முள் நடுவிலேயே நின்றது. ஃபேன் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் கல்யாணராமன் தூங்குவது தெரிந்தது. பல நாளைக்குப் பிறகு அவள் தோள்கள் தளர்ந்தன. இதோ ஸ்டாச்யூ. இன்னும் பத்தே நிமிடம்.

ஆயுர்வேத காலேஜ் தாண்டி இறக்கம் தொடங்கியபோது டாஷ்போர்டுக்கு அடியில் ஏதோ உரசியது.

எஞ்சின் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்தது. உள்ளே.

காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பு மெல்ல மடங்கியது. கணுக்காலில் சூடான காற்று. கருகல் வாடை.

கீழே சிக்னல் சிவப்பு. குடைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன.

பிரேக்கை மிதித்தாள். இறங்கவில்லை. பலமாக மிதித்தாள். கொஞ்சம் இறங்கியது. பிறகு அடியிலிருந்து ஏதோ அவள் காலை மேலே தள்ளியது. நிதானமாக.

"என்னடி, இத்தனை வேகம்?"

அவள் வலது கை ஹாரனை அழுத்தியது. இடது கை ஹேண்ட்பிரேக்கைத் தேடிப் போனது. கண்ணாடியில் கல்யாணராமனின் இரண்டு கைகளும் தெரிந்தன. போர்வைக்கு வெளியே, மார்பின்மேல்.

ஹேண்ட்பிரேக்கின் பிடி அவள் கைக்குத் தட்டுப்படவில்லை. அதைச் சுற்றி, அவளுக்கு முன்பே, சூடாக, ஈரமாக, இறுக்கமாக, மெலிந்த நான்கு விரல்கள் இருந்தன.