நாலாவது டயர்

பிரேக்கை மிதித்தாள்... பெரியவர் நிற்கவில்லை.

பெரியவர் என்பது அவர்கள் வீட்டுப் பழைய பிக்கப் வண்டிக்கு அவள் வைத்த செல்லப்பெயர். நனைந்த தார் ரோட்டில் சோப்புக்கட்டி போல வழுக்கிக்கொண்டே போய், ஓரத்திலிருந்த கடை வாசலில் அடுக்கியிருந்த டயர்க் கோபுரத்தை மெல்ல... மிக மெல்ல முட்டி நின்றார். கோபுரம் சரிந்தது. அதில் ஒரு டயர் மட்டும் உருண்டு கடைக்குள் போய், கடைக்காரனின் காலடியில் சுற்றிச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

அவன் கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"ஏங்க, டயர் வேணும்னா வாயால கேட்டாலே குடுப்போமே! இடிச்சுத்தான் கேக்கணுமா?"

"நான் எங்க இடிச்சேன்? வண்டி வழுக்கிடுச்சு!"

"வழுக்காம என்ன செய்யும்? என் உள்ளங்கையில இருக்கற ரேகைகூட இந்த டயர்ல இல்லையே."

அவளுக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து முறைத்தாள். அடடா, அந்தக் கண்கள்... இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அடுத்துச் சொல்ல வைத்திருந்த கிண்டல் அவனுக்கு மறந்தே போய்விட்டது.

உண்மையில் அவள் டயர் வாங்கத்தான் கிளம்பியிருந்தாள். வேறு கடைக்கு. அவளும் அப்பாவும் செடி வளர்த்து விற்கிறவர்கள். முழங்கால் வலியால் அப்பாவுக்கு இனி ஓட்ட முடியாது. நான் ஓட்டுகிறேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "நல்ல முரட்டு டயரா நாலு பார்த்து மாத்திட்டு வா. அதுகூடத் தெரியலைன்னா, ஞாயித்துக்கிழமை வண்டியை வித்துடறேன்."

பெரியவரை விற்பதா!

"கட்டை கட்டையா பட்டை போட்ட முரட்டு டயர் நாலு குடுங்க," என்றாள் விறைப்பாக. "அப்பா அதைத்தான் வாங்கச் சொன்னாரு."

"எந்த ரோட்டுல ஓட்டப்போறீங்க?"

"மேட்டுத் தெருக்கள்ல. எல்லாம் தார் ரோடு."

"என்ன ஏத்துவீங்க?"

"மண்தொட்டி. செடியோட."

"அப்ப அது வேண்டாங்க. அது சேத்துல போற வண்டிக்கு. ஈரத் தார்ல, சரிவுல, உங்க தொட்டியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும்."

உள்ளே போய் இன்னொரு டயரை உருட்டிவந்தான். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சாய்ந்து இறங்கிய ஆழமான பள்ளங்களில் விரலை ஓட்டிக் காட்டினான். "இது மழை டயர். தண்ணியை ஓரமாத் தள்ளிவிட்டுட்டுப் போகும்."

அவளும் குனிந்து விரலை ஓட்டிப் பார்த்தாள். "தொட்டிக்கு அடியில ஓட்டை போடுவோமே... தண்ணி தேங்காம இருக்க... அது மாதிரியா?"

"அதேதாங்க!" அவன் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் ஒருவரும் இப்படிப் புரிந்துகொண்டதில்லை. "இந்தப் பக்கத்துல அம்பு இருக்கு பாருங்க. வண்டி முன்னால போறப்ப சக்கரம் எந்தப் பக்கம் சுத்துதோ அதைத்தான் இது காட்டணும். திருப்பி மாட்டினா தண்ணியை உள்ளே இழுத்துடும்."

அப்பா சொன்னது ஒன்று, கண் முன்னால் தெரிவது ஒன்று... ஒரு நிமிடம் தயங்கினாள். "சரி. நாலும் இதுவே மாட்டுங்க."

மூன்று டயர்கள் ஏறும்வரை உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நாலாவதுக்கு வரும்போது சாரல் கூரைக்கடியில் அடித்தது. அவன் முதுகு நனைவதைப் பார்த்து, குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். மழையின் சத்தம் குடைமேல்... ஈரமண் வாசனை அவள் துப்பட்டாவில்... அவன் என்னவோ பேசினான், எதையோ திருகினான்.

வீடு வரை பெரியவர் பூ மாதிரி வந்தார்.

அப்பா கைத்தடியை ஊன்றி வண்டியைச் சுற்றி வந்தார். ஒன்று... இரண்டு... மூன்று... நாலாவதில் கைத்தடி நின்றது.

"இந்த அம்பு மட்டும் ஏன் பின்னால பாக்குது?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நான் சொன்னதையும் வாங்கலை. வாங்கினதையும் ஒழுங்கா மாட்டிட்டு வரலை." சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை வண்டியை வாங்கற பார்ட்டி வரட்டும்."

ரசீதிலிருந்த எண்ணை அழைத்தாள். "அம்பைப் பத்திப் பாடம் எடுத்தீங்களே... நாலாவதைப் பின்னால பாக்க மாட்டியிருக்கீங்க! உங்களை நம்பினேன் பாருங்க..." சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

ரசீதுக்காக அவள் சொல்லியிருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் அவன் ஜாக்கி, நெம்புகம்பி, காற்றடிக்கும் மெஷின் எல்லாம் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றான்.

"எத்தனை வருஷமா இந்தத் தொழில், தம்பி?" என்று கேட்டார் அப்பா.

"பன்னெண்டு வருஷங்கய்யா."

"எத்தனை டயரை இப்படித் திருப்பி மாட்டியிருக்கீங்க?"

"இது ஒண்ணுதான்."

"என் பொண்ணு அவசரப்படுத்தியிருப்பா. அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்... தொழிலில் அவன் பெயர் கெடாது. அவளைப் பார்த்தான். அவள் கண்கள் அப்பாவின் சட்டைப்பையிலேயே இருந்தன.

"இல்லீங்கய்யா. டயரைச் சரியாத்தான் பாத்து எடுத்தாங்க. தொட்டிக்கு அடியில ஓட்டை மாதிரின்னு அவங்களே சொன்னாங்க. தப்பு முழுக்க என்னுது."

அப்பா குனிந்து, பள்ளங்களில் விரலை ஓட்டிப் பார்த்தார். "ம்... தொட்டி ஓட்டையா... மூணு சரியா இருக்கே தம்பி. நாலாவதுக்கு மட்டும் என்ன ஆச்சு?"

அவன் காது சிவந்தது. "மூணு மாட்டறப்ப அவங்க உள்ள உக்காந்திருந்தாங்க. நாலாவதுக்குப் பக்கத்துல வந்து குடை பிடிச்சாங்க... அதுக்கப்புறம் என் கண்ணு டயர்ல இல்லீங்கய்யா. அங்கயேதான் இருக்கு... இப்பவும்."

கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அவள் தலை நிமிரவில்லை. ஆனால் அந்தக் கன்னத்தில் குழி விழுந்ததை அப்பா பார்த்துவிட்டார்.

மெதுவாகச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "நான் சொன்னதைவிட நல்ல டயர்தான். பார்ட்டியை வரவேண்டாம்னு சொல்லிடறேன்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பி, அதைத் திருப்பி மாட்டுங்க. நீ உள்ள போம்மா. இல்லைன்னா இதுவும் தப்பாப் போயிடும்."

அவள் உள்ளே போகவில்லை. மழை எப்போதோ விட்டிருந்தது. குடையை விரித்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தப்பாப் போனா மறுபடியும் கழட்டி மாட்டட்டும்பா..." என்றாள், அவனை மட்டும் பார்த்து. "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

அவன் கையிலிருந்த நெம்புகம்பி நழுவிக் கீழே விழுந்தது.

"பாத்தியா..." என்றார் அப்பா.