தம்பியின் லைசென்ஸ்

கணினியை ஆன் செய்ததும் அதன் பின்பக்கத்திலிருந்து தைல வாசனை வந்தது. மதர்போர்டு புதிது, விசிறி புதிது, பவர் சப்ளைகூட அன்று மத்தியானம்தான் மெக்கானிக் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எடுத்து மாட்டியது. இருந்தும் தம்பியின் நெஞ்சில் அண்ணன் ராவும் பகலும் தடவிய அதே தைலம், ஈரத்துணியும் மருந்தும் கலந்த அந்த அறையின் பழைய காற்றோடு, இளஞ்சூடாக அவன் முழங்காலில் வந்து மோதியது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

திரையின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு வாசகம் மென்பொருளை ஆக்டிவேட் செய்யச் சொன்னது. மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

“அது ஒண்ணுமில்லண்ணே. போர்டு மாத்தினா வேற மெஷின்னு நினைச்சு முறைச்சுக்கும். லைசென்ஸ் தம்பி அக்கவுன்ட்லதான் இருக்கு. ‘ஹார்ட்வேர் மாத்தியிருக்கேன்’னு அமுக்குங்க, பழைய மெஷின் பேரு வரும். அதைத் தொட்டு, இப்ப இதுல இருக்கிறது நான்தான்னு டிக் போட்டா முடிஞ்சுது. பழசு தானா செத்துடும்.”

மெக்கானிக் அவசரமாகச் சேர்த்தான். “சாரிண்ணே, வாய் தவறிடுச்சு. பாஸ்வேர்டு தெரியுமில்ல?”

தெரியும். தம்பியே சிரித்துக்கொண்டு சொன்னதுதான். ‘அண்ணன் ஒரு கும்பகர்ணன்’, இடைவெளி விடாமல், ஆங்கில எழுத்தில்.

தம்பிக்கு வலது கைவிரல்கள் மட்டுமே அசையும். அதற்காக இந்த மெக்கானிக்தான் கட்டில் கம்பியில் ஒரு பெரிய வட்டப் பொத்தானைப் பொருத்தி, கணினியோடு இணைத்துக் கொடுத்தான். தம்பி அமுக்கினால் அடுத்த அறையில் அண்ணன் தலைமாட்டில் வைத்த ஸ்பீக்கரில் பெல் அடிக்கும். தண்ணீருக்கு அடிப்பான். புரட்டிப் படுக்கவைக்க அடிப்பான். சில நேரம் சும்மாவும் அடிப்பான்.

அந்த ராத்திரி சும்மாதான் அடித்தான். ஜன்னலைத் திற. மூடு. மறுபடி திற. கடைசியாகத் திறந்துவிட்டுத் திரும்பும்போது, அண்ணன் மவுஸை நகர்த்திக் கணினியின் ஒலியை அணைத்துவிட்டுத்தான் படுக்கப் போனான். தம்பியின் கண்கள் மூடியிருந்தன. அப்படித்தான் அவன் இன்றுவரை தனக்குச் சொல்லிக்கொள்கிறான்.

விடிந்தபோது தம்பியின் விரல் பொத்தானை அமுக்கியபடியே விறைத்திருந்தது. யாரும் வருவதற்குள் அதைப் பிரித்தெடுத்துப் போர்வைக்குள் வைத்தான்.

“கூப்பிடக்கூட நேரமில்லாம, தூக்கத்துலயே போயிட்டாரு, பாவம்” என்று மனைவி வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவனும் தலையாட்டினான்.

அதன்பிறகு இந்தக் கணினியை யாரும் தொடவில்லை. மகளுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோதுதான் போர்டு செத்துக் கிடப்பது தெரிந்தது. போர்டு மாறியும் டிஸ்க் பழசுதான். திரையின் அடியில் ஸ்பீக்கர் படத்தின் மேல் அவன் போட்ட குறுக்குக் கோடு அப்படியே இருந்தது. அதைப் பார்க்காமல் பாஸ்வேர்டைத் தட்டினான்.

பட்டியலில் ஒரே பெயர். ‘என் ரூம்.’ கடைசியாகப் பயன்படுத்திய தேதி இருக்க வேண்டிய இடத்தில் வேறு சொற்கள் இருந்தன.

‘தற்போது பயன்பாட்டில்.’

பழைய போர்டு அவன் பின்னால், கட்டிலுக்கடியில், அட்டைப்பெட்டியில் கிடந்தது. பொத்தானும் அதில்தான். வயரை அவனேதான் வெட்டினான்.

ஏதோ பிழை என்று சொல்லிக்கொண்டு பெயரைத் தொட்டான். இப்போது இதில் இருப்பது நான்தான். டிக் போட்டான். வட்டம் சுற்றியது, நின்றது.

ஆக்டிவேட் ஆகிவிட்டது.

சாம்பல் எழுத்து மறைந்தது. தைல வாசனை மட்டும் கூடியது. கூடவே போன் அதிர்ந்தது. மனைவி. மகளோடு கடைவீதிக்குப் போயிருந்தாள்.

“என்னங்க, ஆச்சா? இவ நச்சரிக்கிறா.”

“ஆச்சு.”

“அப்பாடா. சரி, வரும்போது ஹெட்போன் ஒண்ணு வாங்கிட்டு...” நிறுத்தினாள். “அங்க என்ன பெல் சத்தம்?”

அவன் காதைத் தீட்டினான். விசிறியின் முனகல். வேறொன்றும் இல்லை.

“ஒண்ணும் அடிக்கலையே.”

“விடாம அடிக்குதுங்க. எனக்கே இங்க காதைப் பிளக்குது, பக்கத்துல இருக்கற உங்களுக்குக் கேக்கலையா?” குரல் இறங்கியது. “நம்ம தம்பி பெல் மாதிரியே இருக்கு.”

மவுஸைப் பிடித்தான். குறுக்குக் கோட்டை எடுத்தான். அது திரும்ப வந்தது. மறுபடி எடுத்தான். வந்தது.

போனில் மகளின் குரல். “அப்பா, யாருப்பா கூப்பிடறது?”

அவன் தரையில் மண்டியிட்டான். பெட்டியை இழுத்தான். மூடியைத் திறந்தான்.

வெட்டிய வயரின் நுனி எதிலும் சேராமல் கிடந்தது. பொத்தானின் மேல் தூசி. தூசியில் ஒரு விரல் அளவுக்குச் சுத்தம்.

“போய்ப் பாருங்களேன்” என்றாள் மனைவி, அழுதுகொண்டு.

பொத்தான் அமுங்கியது. எழும்பியது. அமுங்கியது.

அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.