முளைக்காத வெள்ளை மணிகள்

அச்சகத்துக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் யாரையாவது மாட்டிவைக்கத்தான் வருவார்கள். அன்று வந்த பெண் அப்படி வரவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என் விதையால ஊரே சேந்து ஒருத்தர அடிச்சுக் கொன்னுடுச்சு. அவர் தப்பு பண்ணாரா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள்.

கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். துப்பறிவது அவனுடைய அண்ணியின் தொழில். பயிர்க் காப்பீட்டு நிறுவனத்துக்காக வயல் வயலாகப் போய்ச் சேதம் பார்த்தவள். யார் சொல்வதையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பாள். கார் ஓட்டுவது அவன் வேலை. முந்திரிக்கொட்டைபோல முந்திக்கொண்டு முடிவு சொல்வது அவன் பழக்கம்.

வந்தவளை ஊரில் விதைக்காரி என்பார்கள். வேறெங்கும் கிடைக்காத ஒரு வெள்ளை மக்காச்சோளத்தை அவள் குடும்பம் விடாமல் காப்பாற்றி வந்தது. பருவந்தோறும் ஊருக்கே விதை கொடுப்பது அவள்தான். பக்கத்து நிலத்துக்காரர் போட்டதோ மரபணு மாற்றிய மஞ்சள் ரகம். அதன் மகரந்தம் காற்றில் வந்தால் வெள்ளை கெட்டுவிடும். அதனால் இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்: முதல் மழையில் அவள் விதைப்பாள், அவர் ஒரு மாதம் பொறுப்பார். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்காது. இத்தனை வருடமும் அதில் பிசகு வந்ததில்லை.

இந்தப் பருவம் அவள் கொடுத்த விதை ஒரு வீட்டு நிலத்திலும் முளைக்கவில்லை. ஈரம் போய், வயல்கள் மொட்டையாகக் கிடந்தன. பக்கத்து நிலத்துக்காரன்தான் விதையில் மருந்து கலந்துவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. கூட்டம் அவர் முற்றத்துக்குப் போனது. யாரோ ஓங்கி அடித்ததில் அவர் பின்னால் சாய்ந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டியில் மண்டை மோதி அங்கேயே போய்விட்டார். அடித்தது யாரென்று தெரியாது என்று ஊர் முழுக்க ஒரே பதில். காவல்துறையும் அப்படியே எழுதிக்கொண்டது.

அன்று மத்தியானமே கிளம்பினார்கள். மஞ்சள் ரகம் விற்கும் கம்பெனிக்காரன் வேலையாகத்தான் இருக்கும் என்று கொழுந்தன் வழியெல்லாம் அடித்துச் சொன்னான். அண்ணி ஜன்னலுக்கு வெளியே முளைக்காத நிலங்களைப் பார்த்தபடியே வந்தாள்.

விதைக்காரியின் வீட்டில் விதை அறை கெட்டிச் சுவரும் ஒரே கதவுமாக இருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சாவி இரண்டு, ஒன்று விதைக்காரியிடம், மற்றது அவள் கணவனிடம். அவன் அதிர்ந்து பேசாத மனிதன். நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டான். வலது புறங்கையில் துணிக்கட்டு, விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னான். போன பருவம் முழுக்க அவள் மகளின் பிரசவத்துக்காக வெளியூரில் இருந்ததால், விதைத்தது, அறுத்தது, மூட்டை கட்டியது எல்லாம் அவன்தான்.

அண்ணி மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளினாள். மணிகளை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஒவ்வொன்றிலும் மயிரிழைபோல விரிசல். ஒன்றைப் பிளேடால் பிளந்தபோது முளைக்கரு பழுப்பாக இருந்தது. மருந்து நெடியோ பூஞ்சையோ இல்லை.

வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு. சிதறிய தீவனத்தில் நாலைந்து மக்காச்சோளக் கன்றுகள் தளதளவென்று நின்றன. அண்ணி ஒன்றைப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருந்த மணியின் தோலைப் பார்த்தாள். மங்கலான மஞ்சள். பக்கத்துத் தகரத்திலும் அதே நிற மணிகள். கடையில் வாங்கிய தீவனம் என்றான் கணவன்.

அடுத்து இறந்தவரின் வீடு. அவர் மனைவி அழுது ஓய்ந்த முகத்தோடு கதவைத் திறந்தாள். போன பருவமும் அவர் எப்போதும்போலத் தன் முறைக்குத்தான் விதைத்தார் என்றாள். கொட்டகையில் போன அறுவடைக்குப் புதிதாக வாங்கிய உலர்த்தும் இயந்திரம் நின்றது. சல்லடை மூலையில் அப்பியிருந்த மணிகள் ஆழ்ந்த மஞ்சள், கிட்டத்தட்ட ஆரஞ்சு. அவற்றுக்கிடையே கொழுந்தன் விரலைவிட்டு வெள்ளை மணிகள் இரண்டைக் கிளறி எடுத்தான். ஆள் அகப்பட்டுவிட்டான் என்ற பூரிப்போடு அண்ணியைப் பார்த்தான். அவளோ அந்தப் பெண்ணிடம், கூட்டம் வந்தபோது உங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"ஏதோ சொல்லத்தான் வாயத் தொறந்தாரு. ஒரு வார்த்தை வரல. அதுக்குள்ள வாயிலயே குத்திட்டாங்க."

அண்ணி விதை அறைக்குத் திரும்பி, கணவன் மனைவி இருவரையும் உட்காரச் சொன்னாள்.

"விதையில யாரும் மருந்து கலக்கல. அது சூட்டுல செத்திருக்கு. வேகமா காயவெச்சா மணி இப்படித்தான் உள்ளுக்குள்ள வெடிக்கும். அந்த மெஷின்ல தீவனத்துக்கு வைக்கிற சூட்டுல விதை பொழைக்காது."

"அப்ப அந்த ஆள்தானே பண்ணிருக்கார்?" என்றான் கொழுந்தன்.

"பூட்டிக் கெடக்குற அறையிலேர்ந்து மூட்டைய எடுத்து, காயவெச்சு, திரும்பக் கொண்டுவந்து பூட்டிட்டுப் போவாரா? தம்பி, கோழிக்கூட்டுல இருந்தது என்ன நிறம்?"

"மஞ்சள். ஆனா அவரோட மஞ்சள் மாதிரி இல்ல, வெளுத்த மஞ்சள்."

"வெள்ளைக் கதிர்ல மஞ்சள் மகரந்தம் விழுந்தா அந்த வருஷமே மணி அப்படி வெளுத்த மஞ்சளா வரும். ரெண்டு வயலும் சேந்து பூத்திருக்கு. அவர் தன் முறைக்குத்தான் விதைச்சார். அப்ப தள்ளிப் போனது வெள்ளைதான். லேட்டா விதைச்சா அறுப்பும் லேட்டாகும், மழையில மாட்டும். கலந்த மணியெல்லாம் பொறுக்கிக் கோழிக்குப் போட்டாச்சு. அதுக்குச் சூடு படல, அதான் முளைச்சிருக்கு. மிச்சம் ஈரமா இருந்தது. பக்கத்துல புது மெஷின் இருந்தது."

விதைக்காரி கணவன் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணி அவனுடைய துணிக்கட்டைப் பார்த்தாள்.

"மெஷின் விஷயத்த யாருக்கும் சொல்லாதீங்கன்னு அவர்கிட்ட கேட்டிருப்பீங்க. அவரும் சொல்லல. கூட்டம் வந்தப்பதான் சொல்லப் பாத்தார். கதவுல மாட்டுன கைன்னா விரல் நசுங்கணும். நீங்க நாற்காலிய இழுத்தப்பவே பாத்தேன், கட்டுக்கு வெளிய விரலெல்லாம் நல்லா இருக்கு. கட்டுக்குள்ள விரல் முட்டிதான் வீங்கியிருக்கு."

அவன் மறுக்கவில்லை. கட்டைப் பிரித்தான். நடுவிரல் முட்டியில் பல் பதிந்த காயம்.

மழை வந்தபோது இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதையும், போனில் விதைத்தாகிவிட்டது என்று மனைவியிடம் சொன்னதையும் தலை குனிந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னான். சூட்டில் விதை செத்துவிடும் என்று அவனுக்குத் தெரியாது. வயல்கள் மொட்டையாகக் கிடந்தபோதுதான் புரிந்தது. அதற்குள் ஊர் வேறொருவனைக் கைகாட்டிவிட்டது. கூட்டத்தோடு அவனும் போனான்.

"அவர் வாயத் தொறந்தாரு. இவ முகத்துல எப்படி முழிப்பேன்னு மட்டுந்தான் தோணுச்சு. சாகடிக்கணும்னு இல்ல."

"சொல்லிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றாள் விதைக்காரி, சுவரைப் பார்த்தபடி. "ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே?"

கொழுந்தன் வெளியே போய்க் காவல் நிலையத்துக்குப் போன் செய்தான். எப்போதும் ஒரு வழக்கு முடிந்தால் அவனுக்கு வரும் துள்ளல் இன்று வரவில்லை. பேசி முடித்துத் திரும்பியபோது விதைக்காரி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். போலீஸ் வந்து சொல்வதற்கு முன்னால் இறந்தவரின் மனைவியிடம் தானே சொல்ல வேண்டும் என்றாள்.

மொட்டை வயலைத் தாண்டி அவள் போவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இறந்தவரின் வீட்டுக் கதவு திறந்தது. விதைக்காரி படிக்குக் கீழேயே நின்று சொன்னாள். என்ன சொன்னாள் என்பது இங்கே கேட்கவில்லை. அந்தப் பெண் கடைசிவரை அசையாமல் கேட்டாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

விதைக்காரி திரும்பி வரவில்லை. சாத்திய கதவுக்கு எதிரே வெயிலில் அப்படியே நின்றாள். கூட்டிவரலாம் என்று கொழுந்தன் ஓர் அடி எடுத்துவைத்தான்.

"விடுங்க தம்பி" என்றாள் அண்ணி. "அவங்க நிக்கட்டும்."