ஆணியில் இருந்த வில்லை

நான்காம் தொட்டியின் பக்கத்து ஆணியில் ஒரு பித்தளை வில்லை தொங்கியது. உள்ளே யாரும் இல்லை. அப்படியென்றால் ஆணி காலியாக இருக்க வேண்டும்.

கிள்ளான் எண்ணெய் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி ஸ்டானிஸ்லாஸ் போட்ட விதி அது. அனுமதி பெற்றுத் தொட்டிக்குள் இறங்குகிறவன் பெயர் பொறித்த தன் வில்லையை ஆணியில் மாட்டுவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஆணி காலியானால்தான் மூடி போடலாம்.

அவர் வில்லையைத் திருப்பிப் பார்த்தார். ரபேல்.

தம்பி செத்து அன்றோடு நாற்பது நாள். அந்த வில்லையை அவரே வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். இப்போது அது புளித்த எண்ணெய்க் கசடின் வாடையோடு, ஈரமாக, யாரோ இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்த சூட்டோடு இருந்தது.

"பாஸ், டீ குடிச்சிட்டு வந்து மூடி போட்டுறேன். நாளைக்கு ஷா ஆலம் ஆபீஸ்லேருந்து செக் பண்ண வராங்க லா," என்றான் தொட்டி வேலையாள் பாலன்.

"ஆணியப் பாத்துட்டுப் போடு."

பாலன் போனதும் வெயிலில் தகரக் கூரை முறுகும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கடியில் மெதுவாக இன்னொன்று. தொட்டிச் சுவரில்.

டக். டக்.

உள்ளே இருப்பவன் நன்றாக இருக்கிறான் என்பதற்கு அடையாளம் அது. தம்பி இறங்கிய அன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை. காற்றைச் சோதிக்கும் மீட்டர் பழுது. போன வாரத்து அளவையே அனுமதிப் பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். "அண்ணன் சைன் வச்சா போதும் லா," என்று சிரித்தபடி இறங்கினான் ரபேல். தட்டலுக்குப் பதில் வராதபோது அவர் கை முதலில் வில்லையைத்தான் கழற்றியது. பாரத்தைக் கிழித்தார். அப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டார். அனுமதியில்லாமல் இறங்கினான் என்று அறிக்கையும் எழுதினார். வேலை போய்விடும் என்ற பயம். பண்டமாரான் வீட்டில் தம்பி மனைவி மகதலேனா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்களக் கேக்காம அவர் எதுவும் செய்யமாட்டாரே, மாமா?"



டக். டக்.

"ரபேல்?"

"அண்ணே."

தன் வில்லையைத் தம்பியின் வில்லைக்குப் பக்கத்தில் மாட்டினார். இந்தத் தடவையாவது கூட்டி வந்துவிட வேண்டும். ஏணியில் இறங்கினார்.

கழுவித் துடைத்த தொட்டி. ஆனாலும் முழங்கால்வரை கசடு. இருட்டு.

"எங்கடா இருக்க?"

ஒரு கை அவர் கையைப் பிடித்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது தம்பி பிடித்துக்கொண்ட அதே பிடி. அழுகை வந்துவிட்டது அவருக்கு.

"மன்னிச்சிருடா."

கை எதையோ அவர் உள்ளங்கையில் வைத்து மூடியது. தடவிப் பார்த்தார்.

இரண்டு வில்லைகள்.

மேலே பாலனின் குரல். "ஆணி காலி லா. மூடிடலாம்."

கத்தினார். மூச்சுதான் வந்தது. அதுவும் பாதி.

வட்டமாயிருந்த வெளிச்சம் பிறையானது. பிறகு கோடு. பிறகு இல்லை.

வெளியே பம்ப் ஓட ஆரம்பித்தது. அந்த இரைச்சலில், அவர் கையை விடாமல், பக்கத்தில் நின்றவன் சுவரைத் தட்டினான்.

டக். டக்.