பெறுநர் இல்லாத வலி

காபிக்கு முன்னால் வலியை வாங்கிக்கொண்டுவிடுவது பொற்கொடியின் வழக்கம். காபிக்குப் பிறகு வாங்கினால் குமட்டும். அன்று காலையும் அலுவலகத்தின் மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கூந்தலைத் தூக்கிக் கட்டி, மடித்த துண்டு ஒன்றைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டாள். பிடரியில் பதித்திருந்த சில்லு லேசாக அதிர்ந்தது.

“நேற்றைய இதழ், நான்காம் பக்கம்,” என்றது வலியீட்டு மன்ற இயந்திரத்தின் குரல். “பாத்திரக் கடை ஒன்று திங்கட்கிழமை திறக்கும் என்று போட்டிருந்தீர்கள். திறந்தது ஞாயிற்றுக்கிழமை. கடைக்காரர் பட்ட வேதனை அரை நோவு.”

ஒரு நோவு என்பது கதவிடுக்கில் விரல் நசுங்குகிற வலி. அரை நோவு பெரிய விஷயமே இல்லை. பொற்கொடி கண்ணை இறுக்கி மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. துண்டைக் காயப்போட்டுவிட்டுக் காபி கேட்டாள்.

செவ்வாய்க் கோளின் தரைக்குக் கீழே ஏழு அடுக்குகளாகக் குடைந்து கட்டிய ஊர் செந்தரை. கொங்கு நாட்டிலிருந்து போன வியாபாரிகள் உண்டாக்கியது. அங்கே வெளிவந்த ஒரே வணிக நாளிதழ் ‘செந்தரை வணிகம்.’ அதன் ஆசிரியர் பொற்கொடி. முன்பொரு காலத்தில் ஏதோ ஒரு பத்திரிகை, நன்றாக நடந்துகொண்டிருந்த நிதி நிறுவனம் ஒன்று மூழ்கப்போவதாக எழுதியது. ஊரே ஓடிப்போய்ப் பணத்தை எடுத்ததில் அது நிஜமாகவே மூழ்கியது. அதன்பின் நகரவை கூடி வலியீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பிறக்கும்போதே ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் நோவுமானி பதித்துவிடுவார்கள். பத்திரிகையில் வந்த பொய்யால் யார் எவ்வளவு வேதனைப்பட்டாலும் அது அளந்து சொல்லும். அதே அளவு வலி மறுநாள் காலை ஆசிரியரின் பிடரிக்கு வந்து சேரும். மற்ற தொழில்களுக்கும் இந்தச் சட்டம் உண்டா என்று நகரவையில் ஒருவர் கேட்டாராம். அவருக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். நகரவை உறுப்பினர்கள் எல்லாருமே முதலாளிகள்.

பொற்கொடிக்கு முன் ஆசிரியராக இருந்தவர் ஒரு நிறுவனம் நொடிக்கும் என்று தவறாகப் போட்டு, அதன் பங்குதாரர்கள் அத்தனை பேருடைய வலியையும் ஒரே காலையில் வாங்கி, இதே நாற்காலியில் செத்துப்போனார். அதன் உறையை மட்டும் மாற்றினார்கள்.

சட்டத்தில் ஒரு கருணையும் இருந்தது. ஓராண்டு முழுக்கப் பத்து நோவுக்குள் பத்திரிகை நடத்திய ஆசிரியரின் சில்லை எடுத்துவிடுவார்கள். அதற்கு இதுவரை யாரும் தகுதி பெற்றதில்லை. பொற்கொடிக்கு இன்னும் ஒரு வாரம் பாக்கி இருந்தது.

அதற்காக அவள் ஆசிரியர் குழுவை நடத்திய விதம் ஊரில் பிரசித்தம். காலைக் கூட்டத்தில் செய்தியாளர்கள் ஒவ்வொருவராகச் செய்தியைச் சொல்வார்கள். மேசை நடுவில் இருக்கும் வலிக்கணிப்பி, அது தவறாகிப்போனால் எத்தனை நோவு என்று சொல்லும். எண் பெரிதாக இருந்தால் செய்தி குப்பைக்குப் போகும். கடைத் திறப்பு விழா, ஆண்டு விழா, விருது விழா ஆகியவற்றுக்கு நோவு அநேகமாகக் கிடையாது. ஆகவே ‘செந்தரை வணிகம்’ முழுக்க யாராவது குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். பொய்யே எழுதாத பத்திரிகை என்று ஊர் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

அன்றைய கூட்டம் முடிந்ததும் சென்னியப்பன் மட்டும் எழுந்திருக்கவில்லை. மூச்சாலை பற்றி எழுதுபவன் அவன்தான். ஊருக்கே காற்றைச் சுத்தம் செய்து அனுப்புவது ராக்கியண்ணன் மூச்சாலை. துணிப்பையிலிருந்து தட்டையான ஒரு வடிகட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“பாருங்க அக்கா. நாலாவது அடுக்கோட வடிகட்டி. ஒருக்காப் போட்டா எறிஞ்சிரோணும். இவங்க கழுவிக் காயப்போட்டு மறுபடியும் மாட்டறாங்க. சாயம் போயி, ஓட்டை விழுந்து கெடக்குதுங்க.”

“யாரு குடுத்தா?”

“மாட்டறவரே குடுத்தாருங்க. பேரைச் சொல்லாதன்னுட்டாரு.”

பொற்கொடி வலிக்கணிப்பியைப் பார்த்தாள். தவறாகிப்போனால் நாலாயிரம் நோவு என்றது அது. மனித உடம்பு அறுபது தாங்கும்.

“நெசமா இருந்தா ஒரு நோவும் இல்லீங்களே,” என்றான் சென்னியப்பன்.

“நெசம்னு நீ சொன்னாப் பத்தாது. பரிசோதனை அதிகாரி சொல்லோணும். அவரு எல்லாம் சரியா இருக்குதுன்னு போன வாரந்தான் முத்திரை போட்டிருக்காரு.”

“அவரு கீழ எறங்கியே பாக்கலைங்க. என்ற வூடு நாலாவது அடுக்குலதான இருக்குது. புள்ளைக ரெண்டும் இருமிட்டே கெடக்குதுக.”

அவள் தொலைபேசியை எடுத்தாள். சம்பந்தப்பட்டவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற பத்திரிகை மரபுப்படி மூச்சாலை முதலாளி ராக்கியண்ணனைக் கூப்பிட்டாள். அவர் நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஓர் இனிப்புப் பெட்டி. அந்த வாரக் கடைசியில் மூச்சாலைக்கு வெள்ளி விழா. அதற்காகப் பத்திரிகை ஒரு சிறப்பு மலர் போடுவதாக ஏற்பாடு. அவருக்கு வடிகட்டி விற்பவர், குழாய் விற்பவர், கடன் கொடுப்பவர் எல்லாரும் அதில் வாழ்த்து விளம்பரம் கொடுத்திருந்தார்கள்.

ராக்கியண்ணன் வடிகட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்களுதுதான்னு எனக்கு எப்புடித் தெரியும் அம்மிணி? ஆனா நான் தடுக்க மாட்டேனுங்க. தாராளமா எழுதுங்க. பத்திரிகைன்னா சுதந்திரம் வேணுமில்லீங்களா. தப்பாப் போனா எனக்கு வலிக்கும், அப்புறம் உங்களுக்கு வலிக்கும். எனக்காச்சும் வயசாயிருச்சு.” எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். “மலர்ல என்ற போட்டோவக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லுங்க.”

அவர் போனதும் பொற்கொடியின் கை தானாகப் பிடரிக்குப் போனது. அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடலாம். அந்த நாற்காலியில் உட்காராதவர்களுக்கு அது சுலபம். அவளுக்குப் பயம், அவ்வளவுதான்.

“இன்னொரு ஆதாரம் வரட்டும் சென்னியப்பா,” என்றாள். “ஒரு வாரம் பொறு.”

“அந்த ஒரு வாரம் யாருக்குங்க அக்கா?”

அவள் இனிப்புப் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். மூச்சாலையைப் பற்றி நன்றாகத் தெரிந்தவன் அவன்தான் என்பதால் மலரின் முதல் கட்டுரையை அவனையே எழுதச் சொன்னாள். வேலை போய்விட்டால் நாலாவது அடுக்கில்கூட வீடு கிடைக்காது. அவன் எழுதிக் கொடுத்தான். ‘இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு நாளும் மூச்சு நின்றதில்லை’ என்பது தலைப்பு. வலிக்கணிப்பி பூஜ்யம் காட்டியது.

எழுத முடியாததை வாயால் சொல்லிப் பார்த்தான் சென்னியப்பன். நாலாவது அடுக்கில் வீடு வீடாகப் போய், கொஞ்ச நாளைக்கு மேல் அடுக்குக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினான். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

“அப்புடி இருந்தா ‘செந்தரை வணிக’த்துல வந்திருக்குமே தம்பி,” என்றார்கள். “அவங்க பொய்யே போட மாட்டாங்களே.”

வெள்ளி விழா அன்று காலை மலர் வெளிவந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலாவது அடுக்கு கண்ணயர்ந்த நேரத்தில் வடிகட்டிகள் மொத்தமாகக் கிழிந்தன. கரிவளி என்ற நச்சுக்காற்று உள்ளே நிறைந்தது. அதற்கு மணம் கிடையாது, சத்தம் கிடையாது. இருமிக்கொண்டிருந்தவர்கள் மட்டும் விழித்திருந்து கொஞ்ச நேரம் தவித்தார்கள். சாயங்காலம் விழாவுக்கு ஆள் வரவில்லையே என்று தேடிப்போனபோதுதான் தெரிந்தது. அடுக்கில் ஒருவர்கூட மிச்சமில்லை. சென்னியப்பன் வீட்டில் அவன், அவன் மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர். கழுவாத சாப்பாட்டுத் தட்டுகளுக்கு அடியில் சிறப்பு மலரை விரித்திருந்தார்கள். ராக்கியண்ணனின் பெரிய படத்தின்மேல் ரசம் சிந்திக் காய்ந்திருந்தது.

மறுநாள் காலை பொற்கொடி நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று துண்டுகளைச் சேர்த்து மடித்துக் கடித்தாள். வரட்டும் என்று நினைத்தாள். உயிர் போனாலும் சரி, வரட்டும். அப்படி நினைக்கும்போதே கை நான்காவது துண்டைத் தேடியது.

“நேற்றைய இதழில் தவறு எதுவும் இல்லை,” என்றது குரல். “நோவு பூஜ்யம்.”

துண்டை வாயிலிருந்து எடுத்தாள். “நாலாவது அடுக்கு?”

“அங்கே அளந்த வலி பதிவாகியிருக்கிறது. பெறுநர் இல்லை.”

“எனக்கு முன்னாலயே தெரியும். செய்தி என் மேசைக்கு வந்துச்சு. நான்தான் போடலை.”

“அச்சாகாத செய்திக்குச் சட்டத்தில் வலி கிடையாது.”

“ஏன் கிடையாது?”

மன்றத்து இயந்திரத்துக்கு மறைக்கத் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொன்னது.

“முதல் வரைவில் இருந்தது. சோதித்துப் பார்க்கப் பூமியின் பழைய பத்திரிகைகளை எடுத்துக்கொண்டார்கள். இருபத்தொன்றாம் நூற்றாண்டு, விசேஷம் எதுவுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ஆசிரியர்களுக்குத் தெரிந்தும் அச்சேறாத செய்திகளின் வலியைக் கணக்கிட்டு, ஆசிரியருக்கு ஒன்று வீதம் சோதனைச் சில்லுகளில் செலுத்தினார்கள். அத்தனை சில்லுகளும் எரிந்துபோயின. இப்படி ஒரு பிரிவு இருந்தால் உலகத்தில் யாரும் பத்திரிகை நடத்த முடியாது என்று அதை நீக்கிவிட்டார்கள்.”

பொற்கொடி துண்டுகளைக் கையில் சுருட்டினாள்.

“உங்கள் ஓராண்டு இன்றுடன் நிறைகிறது,” என்றது குரல். “இப்போதே சில்லை எடுத்துவிடலாம். வாழ்த்துகள்.”

நாற்காலியின் முதுகிலிருந்து நீண்ட மெல்லிய கை ஒன்று பிடரியைத் தடவி, எறும்பு கடித்த அளவுக்குக் கிள்ளி, சில்லை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். சென்னியப்பனுக்காகத்தான் அழுதாள். நடுவில் எப்போதோ உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. அது அவளுக்கும் தெரிந்தது.

கதவைத் தட்டிக்கொண்டு மூச்சாலையின் மேலாளர் உள்ளே வந்தார். மலருக்கு வாழ்த்துக் கொடுத்த அத்தனை பேரும் நாளைக்கு நாலாவது அடுக்குக்குக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுக்கிறார்கள் என்றார்.

“அளவெல்லாம் அதேதானுங்க. படம் மட்டும் மாத்தினாப் போதும். எங்க ஐயா குடுக்கற அஞ்சலிய அரைப் பக்கம் வேண்டாம், முழுப் பக்கமாப் போடச் சொன்னாருங்க.”

பொற்கொடி துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மடித்து வைத்தாள். வெறுமையாக இருந்த பிடரியை ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

“மூணாம் பக்கம் காலியா இருக்குதுங்க,” என்றாள். பிறகு காபி கேட்டாள்.