கொக்கு வரைந்த மருமகள்

கஞ்சிக் கிண்ணத்தை லியாவ் குன்தாய் வைத்த வேகத்தில் மேசையே அதிர்ந்தது.

"ரெண்டு வாரமாச்சு! மருமக எங்கேன்னு ஹுவெய் ஊரே கேக்குது. அவளை என்ன சொன்னே நீ?"

அவர் மனைவி யூசின் வெள்ளரி ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இவ எப்படிச் சொல்லுவா?" என்று தொடங்கினாள் குன்தாயின் அக்கா பாவ்சியா. "வாசல்ல நின்னு 'போ'ன்னு இவதான் சொன்னா. நான் ரெண்டு கண்ணால பார்த்தேன்! மாமியார் கொடுமைன்னா இதுதான்..."

பாவ்சியா பார்த்தது உண்மைதான். அதனால் யூசின் மறுக்கவில்லை. மகன் ஹாங்வேய் மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமலேயே எழுந்து போனான். அதுதான் நெஞ்சைச் சுட்டது.

அவர்களுடையது துண்டு நெய்யும் ஆலை. கல்யாணமாகி வந்த வென்சிங், கரும்பு ஏற்றிவரும் ரயிலில் ஏறித் தூங்கிக்கொண்டே போகும் கொக்கு ஒன்றைத் துண்டுக்காக வரைந்தாள். அந்தத் துண்டு ரயில் நிலையக் கடைகளில் எல்லாம் விற்றுப் பறந்தது. அவளுடைய கல்லூரித் தோழிகள் இருவர் வரைந்தவையும் விற்றன. விற்கும் ஒவ்வொரு துண்டுக்கும் மூவருக்கும் ஒரு பங்கும், துண்டின் ஓரத்தில் வரைந்தவர் பெயரும் வேண்டும் என்று வென்சிங் கேட்டாள்.

"வீட்டுப் பொண்ணுக்கு எதுக்குக் கூலி? அந்த ரெண்டு பேரும் தொழில் கத்துக்கறாங்க. மத்தியானச் சாப்பாடு போடறேனே, போதாதா?" என்று சிரித்தார் குன்தாய்.

அவள் போனபிறகுதான் தைபே கடைக்காரர் நான்கு புதிய கொக்குப் படங்கள் கேட்டார். தோழிகளும் வரவில்லை. "இதென்ன பெரிய வித்தை?" என்று குன்தாயே பென்சிலை எடுத்தார்.

"முதலாளி, வாத்து நல்லா வந்திருக்கு. அதுக்குக் காய்ச்சலா?" என்றாள் தறியில் நின்ற பெண்.

கஞ்சிக் கிண்ணம் அதிர்ந்த அன்றே காலை பத்து மணிக்குத் தைபே கடைக்காரரிடமிருந்து தொலைபேசி வந்தது. "அந்தப் பொண்ணு வரையலேன்னா எங்களுக்குத் துண்டே வேண்டாம்." குன்தாய் தொலைபேசியை வைத்தார். பிறகு எல்லோரையும் காரில் ஏறச் சொன்னார்.

தைச்சுங் நகரில் தன் தாய்வீட்டுக் கதவைத் திறந்த வென்சிங், அவர்களை உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினாள். ஒரு காகிதத்தையும் வைத்தாள்.

"மூணு பேருக்கும் சேர்த்து எழுதியிருக்கேன், மாமா. படிச்சுப் பாருங்க."

"அதை விடும்மா!" என்று குறுக்கே பாய்ந்தாள் பாவ்சியா. "உன் மாமியார் மேல இருக்கற கோவத்தை முதல்ல..."

"கோவமா? அத்தை மேலயா?" வென்சிங்கின் கண் நிறைந்துவிட்டது. "பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே அவங்கதான்! 'உன் மாமா காதுல தறிச் சத்தம் தவிர ஒண்ணும் ஏறாது. உன் கை நின்னாதான் அதோட அருமை தெரியும். நீ போ, பழியை நான் பார்த்துக்கறேன்'னாங்க. இவர்கிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் அப்பாகிட்ட உளறிடுவார்னு என் வாயையும் கட்டிட்டாங்க..."

ஹாங்வேய் அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தான். "ரெண்டு வாரம் உங்கிட்ட பேசாம இருந்தேனேம்மா..." யூசின் அவன் தலையைத் தடவினாள். அடக்கி வைத்திருந்த கண்ணீர் அப்போதுதான் உருண்டது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றார் குன்தாய். குரல் இறங்கியிருந்தது.

"சொல்லியிருந்தா என்னைத்தானே அனுப்பி அவளைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பீங்க? நீங்களே வந்தாத்தானேங்க கையெழுத்து விழும்!"

குன்தாய் காகிதத்தை இருமுறை படித்தார். பங்கு, பெயர், இதுவரை விற்றதற்கும் சேர்த்து. பேனாவைத் திறந்தார். "அந்த வாத்தை மட்டும் யார் கண்ணுலயும் காட்டாதீங்க" என்று முணுமுணுத்தபடி கையெழுத்திட்டார்.

வென்சிங் ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள், நடுவிலேயே சிரித்தார்கள்.

பாவ்சியாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. "ஐயோ யூசின்... கொடுமைக்காரின்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டேனே! இப்ப என்ன பண்றது?"

யூசின் கண்ணைத் துடைத்தாள்.

"மாத்திச் சொல்லுங்க, அண்ணி. உங்க அளவுக்கு வேகமா வேற யாரால சொல்ல முடியும்?"

பாவ்சியா ஏற்கெனவே கைபேசியைத் தேடிக்கொண்டிருந்தாள்.